குரங்குக்கு எதற்கு ஏணி

தம்பிக்கு அத்தா எழுதுவது. ஸலாம். உன் அம்மா சுகமாக இருக்கிறாள், நானும் இருக்கிறேன். கடையில் வேலைக்குக் குறைவில்லை. வெயில் ஏற ஏற அறந்தாங்கியில் என் மரியாதையும் ஏறிக்கொண்டே போகிறது. பங்குனி வரைக்கும் என்னைக் கண்டும் காணாமல் போனவனெல்லாம் இப்போது வீட்டு ஏசி நின்றுபோனதும் "பாய், சாப்பிட்டீங்களா" என்று போன் போட்டு விசாரிக்கிறான். அப்படி ஒருவனுக்கு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனிலேயே பேசி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் போனால் அழுகை வரும், இரண்டையும் பதிவு செய்து உனக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை.

போன வாரம் நீ கேட்டாய்: "அத்தா, நான் சின்னப் புள்ளையா இருக்கையில டிவியப் பாத்து அந்தத் திட்டுத் திட்டுவீங்களாம்ல, அம்மா சொன்னாங்க. அதையெல்லாம் எழுதி அனுப்புங்க, எனக்கு வேலைக்கு ஆகும்." கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மைப் படம் செய்கிற கம்பெனியில் கதை எழுதுகிற வேலை உனக்கு. இஞ்சினியரிங் படிக்க வைத்தது யானை, குரங்குக்கு வசனம் எழுதவா என்று உன் மாமி, அதுதான் என் அக்கா, வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசுகிறார்கள். அவர்கள் பேசட்டும். நீ பேச்சை வைத்துப் பிழைக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நானும் உன் அம்மாவும் விட்ட பெருமூச்சு அவர்களுக்கு விளங்காது. உனக்கே விளங்காது. அது விளங்க வேண்டும் என்றுதான் நீ கேட்டதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் திட்டு. நீ பார்த்தது ஒரு யானைக்குட்டி. மஞ்சள் சட்டை போட்டிருக்கும், கால்சட்டை கிடையாது. அதைப் பற்றி ஊரில் ஒரு பிராணியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த யானைக்குட்டிக்கு ஒரு நாள் மரத்திலிருக்கிற மாம்பழம் எட்டவில்லை. என்ன செய்ய வேண்டும்? முகத்துக்கு நேரே முழ நீளத்துக்குத் தும்பிக்கை தொங்குகிறது, தூக்கிப் பறிக்க வேண்டியதுதானே. அதை விட்டுவிட்டு ஊரைக் கூட்டியது. குரங்கு உதவிக்கு வந்தது. சரி, குரங்காவது வந்ததே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் குரங்கு தோளில் ஏணியோடு வந்தது. ஏணியை மரத்தில் சாத்தி, ஒவ்வொரு படியாக, பயந்து பயந்து ஏறியது. குரங்குக்கு எதற்குடா ஏணி? எழுதினவன் வாழ்நாளில் குரங்கைப் பார்த்ததே இல்லையா? குடுமியான்மலைப் பக்கம் அழைத்துப்போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நிறுத்தி வைத்தால் தெரியும் அவனுக்கு.

இன்னும் இருக்கிறது. அந்த ஊரில் கோழிதான் பேக்கரி நடத்துகிறது. நல்ல கோழி, ஏப்ரன் எல்லாம் கட்டி, எல்லாருக்கும் கேக் சுட்டுத் தருகிறது. கேக்குக்கு முட்டை ஏது என்று நான் கேட்டால், அடுப்படியிலிருந்து உன் அம்மா, "செத்த சும்மா இருங்களேன், புள்ளைங்க பாக்குறது அது" என்பாள். வாத்து மழைக்குப் பயந்து குடை பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். ஆற்றுக்கு நடுவில் ஒரு மரப்பாலம், தினமும் உடையும். தினமும் யானைக்குட்டி ஒரு பாட்டுப் பாட, பலகைகள் தாமாக எழுந்து வந்து சேர்ந்துகொள்ளும். மறுநாள் மறுபடியும் உடைந்து கிடக்கும். யார் அந்தக் காண்ட்ராக்டர், ஏன் அவனை ஒருவரும் பிடிக்கவில்லை? நான் இத்தனை காலம் கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டுகிறவன். ஒரு மெஷின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஓடினால் அதற்கும் ஒன்று இருக்கும். என் பாட்டுக்கு இரங்கி இதுவரை ஒரு கம்ப்ரஸரும் ஓடினதில்லை.

ஆனால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது இதற்கெல்லாம் இல்லை. அந்த யானைக்குட்டியின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. காலையில் தொப்பி வைத்துக்கொண்டு கப்பலேறிப் போவார், சாயங்காலம் சோற்று வேளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். எந்தக் கப்பல் கம்பெனி தினமும் சாயங்காலம் வீட்டுக்கு விடுகிறது, சொல்லு. நான் அப்போது குவைத்தில் வேலை பார்த்தேன், இந்தப் படமெல்லாம் லீவில் வந்து பார்த்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. நீ பிறந்ததையே போனில்தான் கேட்டேன். கடைசியில் வாசலில் நின்று அந்தக் குட்டி, "அப்பா, சீக்கிரம் வாங்க, சோறு ஆறுது" என்று கத்தும், உடனே அவர் வந்து நிற்பார். அதோடு படம் முடியும்.

அந்த ஒரு வசனம் எனக்குச் செய்த வேலை இருக்கிறதே, அதை நீ இதுவரை கேட்டிருக்க மாட்டாய். உனக்கு மூன்று வயது முடிந்திருந்தது, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சிரிப்பாய், அழுவாய், வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவாய், அவ்வளவுதான். அந்த வயதில் உன் மாமி மகள் கண்ணில் பட்டவரையெல்லாம் கேள்வி கேட்டே விரட்டினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டால், நான் முதலில் கேட்பது, தம்பி ஏதாவது சொன்னானா என்றுதான். இன்னும் இல்லைங்க என்பாள் உன் அம்மா. உன் காதில் போனை வைக்கச் சொல்லி நான் பேசுவேன். உன் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்க கார்டு முழுக்கத் தீர்த்த வாரங்கள் உண்டு.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், திடீரென்று கணீரென்று ஒரு குரல்: "அப்பா, சீக்கிரம் வாங்க, சோறு ஆறுது." அதோடு லைன் கட்டாகிவிட்டது. அறையில் படுத்திருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டேன். என் மகன் பேசிவிட்டான், அதுவும் ஒரு வார்த்தை இல்லை, முழுசாக ஒரு வசனம் என்று. மலையாளத்து நண்பர் ஒருவர் அந்த நேரத்திலேயே சேமியா பாயசம் வைத்தார். பக்கத்து அறைக்காரர்கள் வந்து கை குலுக்கினார்கள். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் தரையில் நடக்கவில்லை. மறுபடி போன் போட்டு உன் அம்மாவிடம் சந்தோஷமாகக் கத்தியபோது அவள் என்னை முழுக்கக் கத்த விட்டாள். அப்புறம் மெதுவாக, "என்னங்க, அது டிவிங்க" என்றாள்.

யோசித்துப் பார். நம் வீட்டில் எவன் அப்பா என்று கூப்பிடுகிறான்? நான் என் தகப்பனை அத்தா என்றேன், நீ என்னை அத்தா என்கிறாய், நம் தெரு முழுக்க அத்தாதான். அப்பா என்று காதில் விழுந்தவுடனேயே அது என் பிள்ளை இல்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆசை அப்படிக் காதை மூடிவிட்டது. அறையில் இருந்தவர்களிடம் நான் எப்படிப் போய்ச் சொல்வது? சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்தன. அந்த மலையாளத்து நண்பர்தான், ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். லீவுக்கு இன்னும் காலம் இருந்தது. கம்பெனி மேனேஜரிடம் கெஞ்சி, சண்டை போட்டு, மறுபடி கெஞ்சி, கிளம்பி வந்தேன்.

திருச்சி ஏர்போர்ட்டில் உன்னைத் தூக்கிக்கொண்டதும் நான் செய்த முதல் காரியம், "அத்தா சொல்லு, அத்தா சொல்லு" என்று நச்சரித்ததுதான். நீ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உன் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாய். தஞ்சாவூரில் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, பேசுவான், அவசரப்படுத்தாதீர்கள், கூடவே உட்கார்ந்து நீங்கள் பேசுங்கள் என்றார் அவர். நம் சனம் அவசரப்படாமல் இருக்குமா? ஒருத்தி வசம்பைச் சுட்டு இழைத்து உன் நாக்கில் தடவினாள், ஒருத்தி தேன் கொண்டுவந்தாள், பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் பாட்டில் பாட்டிலாக வந்தது. குவைத்திலிருந்து வந்தவனைப் பார்க்க வருகிறவர்களெல்லாம் உன்னைக் குறுக்கே நிறுத்தி, மாமி சொல்லு, மாமா சொல்லு, மிட்டாய் தாரேன் சொல்லு என்றார்கள். நீ சொல்லவில்லை என்றதும் அவர்கள் முகம் மாறுவதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாய்.

டாக்டர் சொன்னபடி கூட உட்கார வேண்டும் என்றால், நீ உட்கார்ந்த இடம் ஒன்றுதான், டிவிக்கு முன்னால் போட்ட பாய். அதில் நானும் உட்கார்ந்தேன். பேச வேண்டும் என்றாரே, எதைப் பேச? கண் முன்னால் நடக்கிற அநியாயத்தைத்தான் பேசினேன். அப்படித்தான் இந்தத் திட்டெல்லாம் பிறந்தது. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கோழியைத் திட்டினேன், குரங்கைத் திட்டினேன், கப்பல் அப்பாவைத் திட்டும்போது குரல் கொஞ்சம் கூடுதலாகவே போயிருக்கும். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "செத்த சும்மா இருங்களேன்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. அந்த யானைக்குட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. நடந்து போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று நின்று நம் பக்கம் திரும்பும். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "பாலம் எங்க இருக்கு? உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்கும். பாலம் அதன் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். கேட்டுவிட்டுச் சும்மா நிற்கும், கண்ணை மட்டும் சிமிட்டும். அப்புறம் கையைத் தட்டி, "சரியாச் சொன்னீங்க!" என்று குதிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. யார் சொன்னது? என் பிள்ளை வாயே திறக்கவில்லை. அவன் வாய் திறக்க மாட்டானா என்று ஒரு குடும்பமே தவம் கிடக்கிறது, இது பாட்டுக்குச் சரியாகச் சொன்னாய் என்கிறது. பொய்யிலும் இப்படி ஒரு பொய்யா? எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டேன்.

நீ சத்தமில்லாமல் அழுதாய். உதடு மட்டும் துடித்தது. உன் அம்மா வந்து, ஒன்றும் சொல்லாமல் டிவியைப் போட்டுவிட்டு, என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். அவள் என்னிடம் குரல் உயர்த்துகிறவள் இல்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "இந்த வீட்டுக்கு வர்றவுக எல்லாம் அவனச் சொல்லு சொல்லுங்குறாக. சொல்லலேன்னா மொகம் சுருங்கிப் போவுது. நீங்களும் அதத்தான் செஞ்சீங்க, நானும் செஞ்சிருக்கேன். அவன் ஒண்ணுமே சொல்லாட்டியும் சரியாச் சொன்னேன்னு சொல்றது இந்த ஒலகத்துலயே அது ஒண்ணுதாங்க. அதப் போயி அணைக்கிறீங்களே." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணி உலர்த்தப் போய்விட்டாள். நான் கிணற்றடியில் நெடுநேரம் நின்றேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. லீவு ஓடிக்கொண்டிருந்தது. உன் குரலைக் கேட்காமலே நான் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று முதல்முறையாக மனசு ஒப்புக்கொண்டது.

அதற்கப்புறம் நான் உன்னைச் சொல்லு என்று கேட்கவே இல்லை. வருகிறவர்களையும் கேட்க விடவில்லை. இதற்காக உன் மாமி என்னோடு கோபித்துக்கொண்டு கொஞ்ச காலம் இந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் யானைக்குட்டியைத் திட்டுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே.

ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை. கடைத்தெருவுக்குப் போக வழியில்லாமல் உன்னோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் பாலம் உடைந்திருந்தது, பாட்டுப் பாடியதும் சரியானது. யானைக்குட்டி நடந்து வந்து நின்றது, திரும்பியது, கண்ணுக்கு மேல் கையை வைத்தது. "பாலம் எங்க இருக்கு? உங்களுக்குத் தெரியுதா?" நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். இப்பதானே பாட்டுப் பாடி ஒட்ட வைத்தாய், அதற்குள் மறந்துவிட்டாயா, முதுகைத் திருப்பிப் பார்த்தால் என்ன கேடு என்று. நான் முடிப்பதற்குள் ஒரு சின்னக் கை வந்து என் வாயைப் பொத்தியது. உள்ளங்கையில் முறுக்கு வாசம். நீ என்னைப் பார்த்து, நிதானமாக, அப்படியே உன் அம்மா மாதிரியே, "அத்தா, செத்த சும்மா இருங்க" என்றாய். சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பினாய். பாலத்துக்கு நேரே விரலை நீட்டி, அது கேட்ட கேள்விக்குப் பதிலாக, "அங்கிட்டு" என்றாய்.

அது கையைத் தட்டி, "சரியாச் சொன்னீங்க!" என்று குதித்தது.

நான் மூச்சுக்கூட விடவில்லை. அடுப்படி வாசலில் உன் அம்மா வந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அவள் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். படம் முடிகிற வரைக்கும் மூன்று பேரும் பார்த்தோம். கப்பல் அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வரட்டும், நன்றாக வரட்டும் என்று இருந்தது எனக்கு. வாழ்க்கையில் நான் அப்படி அழுததில்லை, அழுவது அவ்வளவு சுகமாகவும் இருந்ததில்லை.

அப்புறம் நீ அடைத்து வைத்ததையெல்லாம் கொட்டினாய். தண்ணி, சோறு, பூனை, மழை என்று ஒன்றொன்றாக வந்தது, பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. கோபம் தீர்ந்து உன் மாமி ஒரு நாள் வந்தாள். அவளை வழிமறித்து நீ கேட்டாய்: "மாமி, கொரங்குக்கு எதுக்கு ஏணி?" அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, திருதிருவென்று விழித்தாள். எனக்கு விளங்கியது. நான் சுவரோடு பேசுகிறேன் என்று நினைத்திருந்த அத்தனை நாளும் நீ ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நான் மறுபடி குவைத்துக்குக் கிளம்பியபோது வேனில் திருச்சி வரைக்கும் நீ வாய் மூடவில்லை. கீரனூர் தாண்டியதும் உன் அம்மா என் தோளில் சாய்ந்து, "இனிமே இவன எப்புடிங்க நிறுத்துறது" என்றாள். இன்று வரைக்கும் எங்களுக்கு அது தெரியவில்லை.

அதனால் தம்பி, நீ கேட்ட திட்டெல்லாம் மேலே இருக்கிறது, எடுத்துக்கொள். கோழி கேக் சுடட்டும், வாத்து குடை பிடிக்கட்டும், நான் இனி ஒன்றும் கேட்க மாட்டேன். முட்டாள்தனமாக எழுதச் சொல்கிறார்கள் என்று மனசு விடாதே, அதில் பாதியை எழுதிக் கொடுத்துவிடு. வீட்டில் உட்கார்ந்து திட்டுவதற்கு ஒரு தகப்பனுக்கு ஏதாவது வேண்டாமா? சண்டை போடுவதற்கு ஒரே ஒரு இடத்தைத்தான் உன்னிடம் சொல்கிறேன். போன வாரம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாயே, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிற நேரத்தை உன் மேலதிகாரி வெட்டச் சொல்கிறார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதற்குள் அடுத்த படத்துக்குத் தள்ளிப் போய்விடும் என்கிறார் என்று. அவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம், சீக்கிரமே பேசியிருக்கலாம், அல்லாஹ் அவர்களை நல்லபடியாக வைக்கட்டும். நீ அவரிடம் பதமாகச் சொல்லு, கேட்காவிட்டால் பிடிவாதமாகச் சொல்லு, அதற்கும் கேட்காவிட்டால் எனக்குப் போன் போட்டுக் கொடு. கேள்வி கேட்டால் நிற்க வேண்டும். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிற அந்த நேரத்தில்தான் எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு பாயில், ஒரு பிள்ளை வாயைத் திறக்கப் போகிறது.

உன் அத்தா